பழைய எல்இடி டிவியில் ஓடிடி பார்க்க வழி உண்டா? (பாலக்கோடு பக்கம்)

பாலக்கோட்டு மகன்:

வணக்கம். எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பெங்களூரில் வேலையில் இருக்கிறேன், அப்பா அம்மா ஊரில். ஹாலில் 32 இன்ச் எல்இடி டிவி இருக்கிறது. நெட் வசதி இல்லாத சாதாரண மாடல். அரசு கேபிள் பாக்ஸ் ஓடுகிறது, படம் பளிச்சென்றுதான் தெரிகிறது.

தக்காளித் தோட்டத்து வேலையெல்லாம் முடிந்து ராத்திரி உட்காரும்போது அப்பாவுக்குப் பழைய படம் வேண்டும், அம்மாவுக்கு விட்டுப்போன சீரியல் வேண்டும். இரண்டும் இப்போது செல்போனில், ஓடிடியில்தான் (நெட் வழியாகப் படமும் சீரியலும் காட்டும் ஆப்கள்). போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். அப்பா கண்புரை ஆபரேஷன் செய்தவர். எனக்கு மனசு கேட்கவில்லை. எதிரிலேயே அவ்வளவு பெரிய டிவி சும்மா நிற்கிறது.

வீட்டுக்கு ஃபைபர் நெட் இப்போதுதான் வந்திருக்கிறது. தருமபுரியில் ஒரு கடையில் விசாரித்தால், "இந்த டிவியில் அதெல்லாம் வராது, ஸ்மார்ட் டிவி எடுத்துக்குங்க" என்கிறார்கள். நிஜமாகவே வராதா? எது எதற்கு வேலை செய்கிறது என்று புரிகிற மாதிரி யாராவது சொன்னால் நல்லது. புரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

தம்பி, டிவியை மாற்ற வேண்டாம். கேபிள் இழுத்துக் கொடுத்து, இப்போது ஃபைபர் இழுத்துக் கொடுக்கிற ஆள் சொல்கிறேன்.

டிவி என்பது திரையும் ஸ்பீக்கரும்தான். படத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற மூளை வேறு. கேபிளுக்கு அந்த மூளை செட்டாப் பாக்ஸ். ஓடிடிக்கு அந்த மூளை ஒரு சின்ன கம்ப்யூட்டர். நெட்டில் இருந்து படத்தைத் துண்டு துண்டாக வாங்கி ஓட்டும். ஸ்மார்ட் டிவி என்றால் அது உள்ளேயே இருக்கும். உங்கள் டிவியில் உள்ளே இல்லை, வெளியில் இருந்து செருகிக்கொள்ளலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவை டிவியின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக, கீழே இரண்டு மூலையும் சாய்வாக வெட்டின மாதிரி ஓர் ஓட்டை இருக்கும். பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று எழுதியிருக்கும். எல்இடி டிவி என்றால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். அது இருந்தால் அதில் செருகுகிற ஸ்டிக் ஒன்று போதும், நான் சொன்ன சின்ன கம்ப்யூட்டர் அதுதான். ஃபயர் டிவி ஸ்டிக்கோ, கூகுள் டிவி வைத்த வேறு ஸ்டிக்கோ எடுக்கலாம். 5,000 ரூபாய்க்குள் முடியும்.

ஓட்டை ஒன்றே ஒன்று இருந்து அதில் கேபிள் பாக்ஸ் மாட்டியிருந்தால், பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயருக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயை ஸ்டிக்குக்கு விடுங்கள். ஸ்டிக்குக்கு அது கட்டாயம் வேண்டும். கேபிள் பாக்ஸ் ஏவியிலும் ஓடும்.

மாட்டிய பிறகு டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதில்தான் கேபிளா ஸ்டிக்கா என்று மாற்ற வேண்டும். பெரியவர்கள் "டிவி கெட்டுப்போச்சு" என்று கூப்பிடுகிற இடமும் இதுதான். நான் போகிற வீடுகளில் அந்தப் பட்டன் மேல் நகப்பூச்சு வைத்துவிட்டு வருவேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

அண்ணா சொல்வது சரி, ஆனால் வயதானவர்கள் வீட்டுக்கு நான் ஸ்மார்ட் டிவிதான் நல்லது என்பேன். ஒரே ரிமோட். ஸ்டிக் என்றால் டிவி ரிமோட், கேபிள் ரிமோட், ஸ்டிக் ரிமோட் என்று மூன்று கட்டிலில் கிடக்கும். எதை அழுத்துவது என்று தெரியாமலே பாதிப் பேர் பழையபடி செல்போனுக்குப் போய்விடுகிறார்கள். என் மாமனார் வீட்டில் நடந்தது இது.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

ரிமோட் விஷயம் நியாயம்தான். இப்போது வருகிற பல ஸ்டிக் ரிமோட்டிலேயே டிவியின் ஆன் ஆஃபும் சவுண்டும் இருக்கிறது. முதல் முறை செட் செய்யும்போது டிவி கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிவி செட்டிங்கில் சிஇசி என்ற ஒன்றை ஆன் செய்துவிட்டால், ஸ்டிக்கின் ஹோம் பட்டனை அழுத்தியவுடன் டிவியே அந்த இன்புட்டுக்கு வந்துவிடும். டிவி கம்பெனிகள் இதற்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன, செட்டிங்கில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் ஸ்மார்ட் டிவியில் ஒரு சங்கடம். திரை பத்து வருஷம் தாங்கும், உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் தாங்காது. 2019 டிசம்பரில் பழைய சாம்சங் ஸ்மார்ட் டிவி மாடல்கள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை நன்றாகத்தான் இருந்தது, ஆப் மட்டும் வரவில்லை. ஸ்டிக் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல திரையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது.

புதிதாக டிவி எடுத்தே ஆக வேண்டிய வீடு என்றால் ஸ்மார்ட் டிவி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதும் 'ஆண்ட்ராய்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கடையிலேயே ஆன் செய்து, கூகுள் பிளே ஸ்டோர் திறக்கிறதா, உங்களுக்கு வேண்டிய ஆப் அதில் இறங்குகிறதா என்று பாருங்கள். கூகுளிடம் அனுமதி வாங்காத மலிவு டிவியிலும் பாக்ஸிலும் சில ஆப் இறங்கவே இறங்காது, இறங்கினாலும் படம் மங்கலாகத்தான் வரும். காசு கொடுத்துப் பார்க்கிற படங்களுக்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைத் திறக்கிற சான்று பெற்ற கருவிக்குத்தான் எச்டி தருவார்கள்.

ஊத்தங்கரை:

எங்கள் வீட்டில் பழைய குண்டு டிவி. மூன்று கலர் வயர்தான் இருக்கிறது. இதற்கு ஏதாவது?

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்ன டப்பா கிடைக்கிறது. யூடியூப் ஓடும். நான் சொன்ன அந்தப் பூட்டு பல டப்பாக்களில் திறக்காது, காசு கட்டிய படம் கறுப்புத் திரையாக நிற்கும். எழுத்தும் பொடியாகத் தெரியும். அதில் செலவு செய்வதைவிட எச்டிஎம்ஐ உள்ள பழைய எல்இடி ஒன்று செகண்ட் ஹேண்டில் பாருங்கள்.

பாலக்கோட்டு மகன்:

எச்டிஎம்ஐ இரண்டு இருக்கிறது! ஸ்டிக் வாங்கி அனுப்பிவிட்டேன். வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல அப்பாவே மாட்டினார். யூடியூபில் பழைய பாட்டு பெரிய திரையில் வந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு பிரச்சினை இருக்கிறது. ஒன்று, அப்பா போனில் நெட்ஃபிளிக்ஸ் 149 ரூபாய் பிளான் இருக்கிறது. அதே மெயில், அதே பாஸ்வேர்டு போட்டும் டிவியில் ஓட மாட்டேன் என்கிறது. இரண்டு, படம் பார்க்கும்போது நடுவில் ஸ்டிக் தானாக ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகிறது. ஸ்டிக் கெட்டுப்போனதா?

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

இரண்டிலும் ஸ்டிக் மேல் குற்றம் இல்லை.

149 பிளானுக்குப் பெயரே மொபைல் பிளான். போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும். டிவிக்குக் குறைந்தது 199 ரூபாய் பிளான் வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒரு திரை, 720 தரம் (சாதாரண எச்டி). உங்கள் 32 இன்ச்சுக்கு அதுவே தாராளம். முழு எச்டியில் இரண்டு திரை என்றால் 499, 4கே என்றால் 649. ஜியோஹாட்ஸ்டாரிலும் மொபைல் பிளான் டிவியில் வராது. செல்போன் ரீசார்ஜுடன் 'இலவசம்' என்று வருகிற ஓடிடி பலவும் இந்த மொபைல் வகைதான். ரீசார்ஜ் செய்யும் முன் விவரத்தில் 'டிவி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது. ஸ்டிக்குக்குக் கரண்ட் எங்கிருந்து கொடுத்திருக்கிறார்? டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் இருந்தா?

பாலக்கோட்டு மகன்:

ஆமாம் அண்ணா, டிவியிலேயே செருகியிருக்கிறார். பிளக் பாயின்ட் தள்ளி இருக்கிறது என்று.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

அதுதான் காரணம். சாதாரண யுஎஸ்பி ஓட்டை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். ஸ்டிக்குடன் வரும் சார்ஜர் ஒரு ஆம்பியர். மெனு பார்க்கும்போது தாக்குப்பிடிக்கும், படம் ஓட ஆரம்பித்தால் இழுவை கூடி அணைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி, ஸ்டிக்குடன் வந்த சார்ஜரிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

மத்திகிரி அக்கா:

படித்துக்கொண்டே வந்தேன், நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாமியார் தெலுங்கு, பக்கத்து வீட்டு அம்மா கன்னடம், என் பிள்ளைகள் தமிழ். ஓசூர்ப் பக்கம் இது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கேபிளில் ஒரு படம் ஒரே மொழியில்தான் வரும், யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். ஓடிடியில் படம் ஓடும்போது ரிமோட்டில் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் ஆடியோ, சப்டைட்டில் என்று வரும் (சில ஆப்பில் மேல் அம்புக்குறி). அதில் தெலுங்கு, தமிழ், கன்னடம் என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லாப் படத்துக்கும் எல்லா மொழியும் இருக்காது. பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் இருக்கிறது.

மாமியாருக்குத் தனி புரொஃபைல் போட்டு அவர் போட்டோவையும் வைத்திருக்கிறேன். அவர் பார்த்த படம் எங்கே நின்றதோ அங்கிருந்தே அடுத்த நாள் ஓடுகிறது. எழுத்து படிக்கத் தெரியாது, ஆனால் தன் படத்தை அடையாளம் பார்த்து அழுத்துகிறார். தேட வேண்டும் என்றால் மைக் பட்டனை அழுத்திப் படத்தின் பெயரைச் சொல்கிறார், பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது.

அம்மாவின் சீரியலுக்குத் தம்பி எல்லா ஆப்புக்கும் காசு கட்ட வேண்டாம். எந்தச் சேனல் சீரியல் என்று முதலில் கேளுங்கள். சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. பழைய ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகிவிட்டன. இரண்டையும் தனித்தனியாகத் தேடாதீர்கள்.

அஞ்செட்டி:

எல்லோரும் ஃபைபர் ஃபைபர் என்கிறீர்கள். எங்கள் பக்கம் மலைக்கிராமத்துக்கு லைன் வரவில்லை. போன் டேட்டா ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்க்க முடியுமா? போன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பிப் பார்த்தேன், படம் வரும் இடம் கறுப்பாக இருக்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

கறுப்பாக வருவது அதே பூட்டு. போன் திரையை நகல் எடுத்து அனுப்புவது மிரரிங். காசு கட்டிய ஆப் பலவும் அதைத் தடுத்துவிடும். ஆப்புக்குள்ளேயே டிவி மாதிரி ஒரு சின்னப் படம், மூலையில் மூன்று வளைகோடு இருக்கும், அது காஸ்ட். அதை அழுத்தினால் போன் "இந்தப் படத்தை ஓட்டு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், டிவியே நேராக நெட்டில் இருந்து எடுக்கும். அதற்கு டிவியிலும் நெட் இருக்க வேண்டும்.

டேட்டா கணக்கு இதுதான். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறபடி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். உங்கள் 2 ஜிபியில் எச்டி படம் பாதிகூட ஓடாது. ஆப் செட்டிங்கில் தரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு படம் பார்க்கலாம், அதற்கு மேல் இழுக்காது.

5ஜி சிக்னல் எட்டுகிற ஊர் என்றால் ஏர்ஃபைபர் கேட்டுப் பாருங்கள். மாடியில் பெட்டி வைப்பார்கள், வயர் இழுக்க வேண்டியதில்லை. அதுவும் இல்லையென்றால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஓடிடியை விடுங்கள், டிடி ஃப்ரீ டிஷ் மாட்டுங்கள். தட்டும் பாக்ஸும் ஒருமுறை வாங்குவதோடு சரி, மாதச் சந்தா கிடையாது. தமிழ் சேனல் குறைவுதான், டிடி தமிழ் வரும். நெட் இல்லாத ஊரில் நெட் சாமானுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பர்கூர்:

அண்ணா, எங்கள் நெட் 100 எம்பிபிஎஸ். போனில் பார்த்தால் வேகம் நன்றாகக் காட்டுகிறது. டிவியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் லைன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

வீடு கல் கட்டடமா?

பர்கூர்:

ஆமாம், தாத்தா கட்டினது. கருங்கல் சுவர். ரூட்டர் முன் திண்ணையில், டிவி நடு ரூமில்.

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

நம் மாவட்டத்தில் இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, பழைய வீடுகளில் சுவரே ஒன்றரை அடி இருக்கும். லைன் கம்பெனி சொல்வது பொய்யில்லை, ரூட்டர் வரைக்கும் நெட் நன்றாகத்தான் வருகிறது. ரூட்டரில் இருந்து டிவிக்குப் போகிற அந்தப் பத்தடியில்தான் செத்துப்போகிறது.

ரூட்டரில் பெரும்பாலும் இரண்டு வைஃபை வரும், 2.4 என்று ஒன்று, 5 என்று ஒன்று. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்ட அதற்குத் தெம்பு குறைவு. 2.4 மெதுவானது, சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். நீங்கள் போனை ரூட்டர் பக்கத்தில் வைத்து 5இல் வேகம் பார்த்திருப்பீர்கள். போனை டிவி முன்னால் எடுத்துப்போய், கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள், உண்மை தெரியும்.

டிவிக்குப் பெரிய வேகம் தேவையே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 720 தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5, 4கேக்கு 15. 100 எம்பிபிஎஸ் வைத்திருக்கிற உங்களுக்கு அந்த 5 எம்பிபிஎஸ்கூட உள்ளே போய்ச் சேராததுதான் பிரச்சினை. பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று யாராவது சொன்னால் மாறாதீர்கள். அதே கல்தான் குறுக்கே நிற்கும்.

முதலில் ஸ்டிக்கை 2.4இல் சேர்த்துப் பாருங்கள், சில வீட்டில் அதிலேயே சரியாகிவிடும். ஸ்டிக் டிவிக்குப் பின்னால் அமுங்கிக் கிடந்தால், சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் போட்டு வெளியே தொங்கவிடுங்கள். டிவியின் தகடும் சிக்னலை மறைக்கும். இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் ரூட்டரை நடு ரூமுக்கே மாற்றிவிடுங்கள். ஃபைபர் வயர் நூல் மாதிரி மெல்லியது, கதவு நிலை ஓரமாகவே இழுத்துவிடலாம். லைன்மேனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள், நீங்களே மடித்து வளைத்தால் உள்ளே கண்ணாடி உடையும். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் ரூட்டரில் இருந்து லேன் வயர். டிவியில் அந்த ஓட்டை இருந்தால் நேராக, ஸ்டிக்குக்கு என்றால் தனியாக ஒரு அடாப்டர்.

இன்னொன்று. நம் ஊரில் கரண்ட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் மாறுகிற அந்த நொடியில் ரூட்டர் அணைந்து, திரும்ப நெட் பிடிக்கச் சில நிமிடம் ஆகிவிடும். ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். ராத்திரிப் படம் பார்க்கிற வீட்டுக்கு அது நல்ல செலவு.

அரூர் டீச்சர்:

எல்லோரும் கருவியைப் பற்றிச் சொன்னீர்கள். நான் பிள்ளைகளையும் பணத்தையும் பற்றிச் சொல்கிறேன்.

டிவியில் ஓடிடி வந்த வீட்டில் பிள்ளைகள் கையில் ரிமோட் இருக்கும். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் ஒவ்வொரு படத்துக்கும் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட வேண்டும், 13+உம் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பூட்டுகிற வசதியும் தர வேண்டும். வசதி இருக்கிறது, நாம்தான் போட வேண்டும். குழந்தைக்குத் தனியாகக் கிட்ஸ் புரொஃபைல், பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க பின். பிறந்த வருஷத்தைப் பின்னாக வைக்காதீர்கள், என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். கல்வித் தொலைக்காட்சி பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன, பெரிய திரையில் போட்டால் நான்கு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

பணம். ஆட்டோபே போட்டிருந்தால் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை அப்பா அம்மா போனில் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து என்னென்ன ஓடுகிறது என்று பிள்ளைகள் பார்த்து வையுங்கள். பார்க்காததை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது மிக முக்கியம். டிவியில் லாகின் ஆகும்போது திரையில் ஒரு குறியீடு (code) வரும், போனில் அதைப் போட்டால் முடிந்தது. அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. இது தெரியாமல் 'கஸ்டமர் கேர்' என்று கூகுளில் தேடி, வருகிற நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள். எதிரே இருப்பவர் ஆக்டிவேஷன் கட்டணம் என்பார், போன் திரையைக் காட்டும் ஆப்பை இறக்கச் சொல்வார், ஓடிபி கேட்பார். எங்கள் தெருவில் ஒரு பெரியவரின் நெல் விற்ற பணம் இப்படித்தான் போனது. உதவி எண் வேண்டும் என்றால் ஆப்புக்குள்ளேயே உள்ள உதவிப் பக்கத்தில் எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஓடிடியும் மாதம் 100 ரூபாய் என்று ஒரு பாக்ஸ் விற்கிறார்கள். திருட்டு லைன் அது. ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. அதில் உங்கள் மெயில் பாஸ்வேர்டையும் போட வேண்டாம்.

பாலக்கோட்டு மகன்:

சார்ஜரை மாற்றியதும் ஸ்டிக் அணைவது நின்றுவிட்டது. பிளானை 199க்கு மாற்றினேன், அம்மாவுக்கு சன் நெக்ஸ்ட் போட்டுக் கொடுத்தேன். டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு அப்பா போனில் ஆட்டோபே பார்த்தால், எதற்கென்றே தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். கிரிக்கெட்டை ஸ்டிக்கில் பார்க்கிறார். பக்கத்து வீட்டில் கேபிள். அங்கே கத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இங்கே விக்கெட் விழுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

காவேரிப்பட்டணம் ஃபைபர்காரர்:

அதை முழுசாகச் சரிசெய்ய முடியாது தம்பி. நெட்டில் நேரலை என்றாலும் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் அனுப்புவார்கள். நடுவில் நிற்காமல் இருக்க, ஆப் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டும். அதனால் அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். நெட் வேகத்தைக் கூட்டினாலும் இது போகாது. நடுவில் பாஸ் செய்திருந்தால் இன்னும் பின்னால் போயிருக்கும், 'லைவ்' என்று எழுதியிருப்பதை அழுத்தினால் அந்த அளவு மட்டும் முன்னே வரும்.

கேபிள் பாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எச்டிஎம்ஐதான் இரண்டு இருக்கிறதே. அந்த மேட்ச் கேபிளில் வருகிற நாளில் சோர்ஸ் பட்டனை அழுத்தி அங்கே போய்ப் பார்க்கட்டும்.